சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பலில்: ஏழு நாளும் கடல்தான் என்றால் அப்பாவுக்கு அலுக்காதா?

வேம்படி

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ரெடிங்கில் வேலை பார்க்கிறேன். தங்கை குடும்பம் நியூ ஜெர்சியில். அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக் காலம் முழுக்கக் கப்பல்களுக்குப் பில் போட்டவர், ஒரு கப்பலிலும் பயணம் போனதில்லை. இப்போது என் வீட்டில் இருக்கிறார். அடுத்து தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். விமானத்தில் எட்டு மணி நேரம்தான். ஆனால் குயின் மேரி 2 கப்பலில் போகலாமா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அன்றிலிருந்து அவர் வேறு எதையும் பேசுவதில்லை.

எனக்குத்தான் கவலை. நடுவில் ஒரு துறைமுகமும் கிடையாதாம். ஏழு இரவு தண்ணீரையே பார்த்துக் கொண்டிருந்தால் 68 வயதுக்காரருக்கு அலுக்காதா? அட்லாண்டிக் அலை தாங்குவாரா? அவர் சுத்த சைவம் வேறு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலக்கடல்

வேம்படி, அப்பாவை அவசியம் கூட்டிப் போங்கள். நான் இந்தப் பாதையில் இரண்டு திசையிலும் போயிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வழக்கமான சொகுசுக் கப்பல் சுற்றுலாவில் தினம் ஒரு ஊர் வரும். காலையில் இறங்கி, பஸ் பிடித்து, நாலு இடம் பார்த்து, மாலைக்குள் ஓடி வந்து ஏற வேண்டும். இதில் அந்த ஓட்டம் இல்லை. ஏறினால் நியூயார்க்கின் புரூக்ளினில்தான் இறங்க முடியும். இடையே சுமார் 3,150 கடல் மைல். பார்த்தே தீர வேண்டிய இடம் என்று ஒன்றும் கிடையாது, தவற விடுவதற்கும் ஒன்றும் கிடையாது. இரண்டாம் நாள் மதியத்துக்குள் உடம்பு அதைப் புரிந்து கொள்கிறது. எனக்கு இந்தப் பயணத்தில் மிகப் பிடித்தது அந்த மாற்றம்தான்.

அடுத்தது நேரம். மேற்கே போகும்போது ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அந்த ஐந்து நாளில் ஒவ்வொன்றுக்கும் 25 மணி நேரம்! நியூயார்க்கில் இறங்கும்போது உடம்பு அந்த ஊர் நேரத்துக்கு வந்திருக்கும், ஜெட் லாக் என்ற பேச்சே இல்லை. கிழக்கே வரும்போது இது தலைகீழ். நண்பகல் 12 அடித்ததும் மணி 1 ஆகிவிடும், மதியப் பொழுது சுருங்கிவிடும். முதல் முறை போகிறவர்கள் மேற்குத் திசையில் போவதே நல்லது. உங்களுக்கு அது தானாகவே அமைந்திருக்கிறது.

காலையில் ஏழாம் தளத்தில் நடங்கள். கப்பலைச் சுற்றித் தேக்கு மரத்தளம் போட்ட நடைபாதை, மூன்று சுற்று வந்தால் 1.1 மைல். எதிர்காற்றில் நடக்கும்போதுதான் எவ்வளவு பெரிய பொருள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தெரியும். எட்டாம் தளத்தில் முன்பக்கம் நூலகம் இருக்கிறது, ஆயிரக்கணக்கில் புத்தகங்கள். அங்கே ஜன்னலோர நாற்காலி கிடைத்தால் கப்பலின் மூக்குப் பகுதியும் அதற்கு அப்பால் கடலும் தெரியும். காலை நேரத்திலேயே போய்ப் பிடித்து விடுங்கள். கோளரங்கம் ஒன்று உண்டு, கடலில் போகும் கப்பலில் அமைந்த முதல் கோளரங்கம் அதுதான். பகலில் சொற்பொழிவுகள், இரவில் நாடகம், நடனம். சாயங்காலத் தேநீருக்கு வெள்ளைக் கையுறை போட்ட பணியாளர்கள் வருவார்கள்.

இதெல்லாம் இருந்தாலும் நான் காத்திருப்பது நண்பகலுக்குத்தான். ஊதல் ஒலிக்கும், அதன்பின் கப்பல் தலைவர் ஒலிபெருக்கியில் பேசுவார். எந்த அட்சரேகை, எந்த தீர்க்கரேகை, நேற்றிலிருந்து எத்தனை மைல் வந்தோம், காற்று எப்படி, காலுக்குக் கீழே எத்தனை ஆழம். அப்பாவுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள். கணக்குப் பிரிவில் இருந்தவர், தினம் எழுதி வைப்பார் பாருங்கள்.

மலைமுகடு

மாற்றுக் கருத்துச் சொல்ல அனுமதியுங்கள். எனக்கு இது ஒத்து வரவில்லை. மூன்றாம் நாள் முதல் எங்கே பார்த்தாலும் சாம்பல் நிறம், குளிர், டெக்கில் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. கடலைக் கடப்பதுதான் ஆசை என்றால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. கோடையில் மத்தியதரைக் கடலில் ஓடும் கப்பல்கள் அக்டோபர், நவம்பரில் கரீபியனுக்கு இடம் மாறும், ஏப்ரல், மே வாக்கில் திரும்பி வரும். இரண்டு வாரம் வரை ஆகும், ஆனால் மதேய்ரா, கேனரி தீவுகள், அசோர்ஸ் என்று ஏதாவது ஒன்றிரண்டு இடத்தில் நிற்கும். தெற்குப் பாதை என்பதால் வெயில் உண்டு, நீச்சல் குளத்தில் இறங்கலாம், பறக்கும் மீன் பார்க்கலாம். ஒரு இரவுக்கான கட்டணமும் பெரும்பாலும் குறைவு.

இன்னொன்று. ஆள் ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் கப்பல் விடும் கரி (கரியமில வாயு), விமானம் விடுவதைவிட அதிகம். நிதானமான பயணம் என்பதால் இயற்கைக்கு நல்லது என்று யாரும் நினைத்துக் கொள்ள வேண்டாம்.

எஞ்சின்ரூம்

மெரைன் இன்ஜினியர், வட அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவன். மலைமுகடு கடைசியில் சொன்னது உண்மை, அதை மறுக்க முடியாது. வேகத்தைக் கூட்டினால் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ வேகத்தின் கன விகிதத்தில் ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. முன்பு ஆறு இரவில் கடந்து கொண்டிருந்த இந்தக் கப்பல் ஏழு இரவுக்கு மாறியதில் எரிபொருள் மிச்சமும் உண்டு. அப்படியும் அது ஒரு பெரிய ஓட்டல், நீச்சல் குளம், சமையற்கூடம் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக் கொண்டு போகிறது. செலவாகத்தான் செய்யும்.

ஆனால் 'இரண்டும் கப்பல்தானே' என்று இடம் மாறும் சுற்றுலாக் கப்பலையும் இதையும் ஒன்றாகப் பேசுவதை ஏற்க மாட்டேன். குயின் மேரி 2 வட அட்லாண்டிக்கைக் கடப்பதற்கென்றே கட்டப்பட்டது. பிரான்சில் சான் நசேர் கப்பல் தளத்தில் கட்டி, 2004 ஜனவரியில் ஓட்டத்துக்கு வந்தது. வடிவமைத்தவர் ஸ்டீஃபன் பெய்ன். 345 மீட்டர் நீளம், 41 மீட்டர் அகலம், தண்ணீருக்குள் 10 மீட்டர் ஆழம். அதே அளவு சுற்றுலாக் கப்பலுக்குப் போடுவதைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் எஃகு. மூக்கு நீண்டு கூர்மையாக இருக்கும், மேற்கட்டு நன்றாகப் பின்வாங்கி இருக்கும், அலையை வெட்டிக் கொண்டு போவதற்காக. உயிர்காப்புப் படகுகளைப் பாருங்கள். விதிப்படி நீர்மட்டத்திலிருந்து 15 மீட்டர் வாக்கில் தொங்க வேண்டியவை. அட்லாண்டிக் அலை அடித்துக் கொண்டு போய்விடக் கூடாது என்று தனி அனுமதி வாங்கி 25 மீட்டர் அளவில் வைத்திருக்கிறார்கள்.

30 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம் வரை போக வசதி இருந்தும் சாதாரணமாக 20 நாட்டைச் சுற்றித்தான் ஓட்டுவார்கள். அந்த மிச்ச வேகம் வீண் அல்ல. முன்னால் புயல் இருந்தால் சுற்றிக் கொண்டு போய், இழந்த நேரத்தைப் பிடிக்கலாம். நாள் தவறாமல் கரை சேர்வதற்கு அது வேண்டும்.

வேம்படி கேட்ட ஆட்டம்: பக்கவாட்டில் உருளும் ஆட்டத்தை, அடியில் இருபுறமும் நீட்டிக் கொள்ளும் துடுப்புகள் நன்றாகக் குறைத்துவிடும். முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அந்த வைத்தியம் கிடையாது. அதனால் கேபினை நீளவாக்கில் நடுவிலும், எவ்வளவு தாழ்ந்த தளம் முடியுமோ அவ்வளவு தாழ்விலும் எடுங்கள். மூக்குப் பக்கம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஈழத்துமகள்

நான் லண்டனில் இருந்து அம்மாவோடு போனேன், ஜூன் மாதம். அம்மாவுக்குக் கடல் என்றால் சரியான பயம். ஆனால் ஏறின முதல் பின்னேரமே ஆள் மாறிவிட்டா.

மரக்கறிச் சாப்பாட்டுக்கு யோசிக்க வேண்டாம். பிரிட்டானியா சாப்பாட்டறையில் ஒவ்வொரு நாளும் மரக்கறி உணவு இருக்கும். நாங்கள் முதல் நாளே மேசைப் பொறுப்பாளரிடம் முட்டை, மீன் எதுவும் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னோம். அடுத்த நாள் முதல் சோறும் பருப்புக்கறியும் தனியாகச் செய்து தந்தார்கள். கிச்சனில் இந்தியச் சமையல்காரர்களும் இருந்தார்கள். ஊறுகாய்ப் போத்தல் ஒன்று கொண்டு போனால் இன்னும் சந்தோசமாக இருக்கும்.

உடுப்பு விசயம் யாரும் சொல்லவில்லை. இரண்டு இரவு விசேட விருந்து, கறுப்புக் கோட் போட வேண்டும் என்பார்கள். அதற்காக அப்பாவுக்குப் புதுசாக ஒன்றும் வாங்காதீர்கள். அவரவர் நாட்டுச் சம்பிரதாய உடையும் ஏற்றுக் கொள்வார்கள். பட்டு வேட்டி, சட்டை, சால்வை வடிவாக இருக்கும். அம்மா காஞ்சிபுரம் சீலையில் வந்தபோது பக்கத்து மேசை ஆட்கள் எழும்பி வந்து கதைத்தார்கள். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த மனிசிமாரோடுதான் தேத்தண்ணி. அம்மாவின் இங்கிலீசும் அவர்களின் பொறுமையும் சேர்ந்து ஒரு கிழமை ஓடிவிட்டது. நான்தான் தனியாக நூலகத்தில் இருந்தேன்.

மலைமுகடு, நீங்கள் எந்த மாதம் போனீர்கள்?

மலைமுகடு

நவம்பர் கடைசி, அக்கா. காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவுகோலில் ஒன்பது வரை போயிற்று, கடும் காற்று.

ஈழத்துமகள்

அப்ப சரி. அது குளிர்காலக் கடல்.

நீலக்கடல்

மலைமுகடு சொல்லும் தெற்குப் பாதை நல்ல பயணம்தான், வெயில் விரும்புகிறவர்கள் அதில் போகட்டும். ஆனால் நியூயார்க்கில் இறங்க வேண்டிய ஒருவருக்கு அது புளோரிடா பக்கம் கொண்டு விடும், அங்கிருந்து மறுபடி விமானம்.

எனக்கு அந்தச் சாம்பல் நிறமும் பிடிக்கும் என்று சொன்னால் நம்ப வேண்டும். மே, ஜூனில் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பாங்க்ஸ் என்ற ஆழம் குறைந்த கடற்பகுதியை நெருங்கும்போது மூடுபனி இறங்கும். வடக்கிலிருந்து வரும் லாப்ரடார் குளிர்நீரும் தெற்கிலிருந்து வரும் வளைகுடா வெந்நீரோட்டமும் அங்கே சந்திக்கின்றன. ஈரக்காற்று குளிர்நீர் மேல் வந்ததும் பனியாக நிற்கிறது. அப்போது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நீண்ட ஊதல் ஒலிக்கும், அது சர்வதேசக் கடல் விதி. புகைபோக்கியில் இருக்கும் ஊதல்களில் ஒன்று 1936-ல் ஓட்டத்துக்கு வந்த பழைய குயின் மேரி கப்பலுடையது. பத்து மைலுக்குக் கேட்கும் என்பார்கள். கையெட்டும் தூரத்தில் கைப்பிடிக் கம்பி தெரியாத பனியில் அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் அதிரும். அதே நீரோட்டங்களால் மீன் பெருகும் இடம் என்பதால், பனி விலகினால் திமிங்கலம் மூச்சு விடும் நீர்த்தூவலும் தெரியும். ஃபுல்மார் என்ற சாம்பல் பறவை சிறகடிக்காமலே கப்பலோடு மணிக்கணக்கில் மிதந்து வரும். சின்ன பைனாகுலர் ஒன்று எடுத்துப் போங்கள்.

டைட்டானிக் கிடக்கும் இடம் இந்தப் பாதைக்குப் பக்கத்தில்தான். அதுவும் சவுத்தாம்ப்டனிலிருந்து புறப்பட்டது, 1912 ஏப்ரல் 10. சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அருகே போகும் பயணங்களில் கப்பல் தலைவர் அறிவிப்பார். அந்த விபத்துக்குப் பிறகு 1914 முதல் பனிப்பாறைகளைக் கண்காணிக்கச் சர்வதேச ரோந்து வந்தது. பனிப்பாறை இறங்கும் பருவத்தில் கப்பல்கள் தெற்கே ஒதுங்கித்தான் போகும்.

இந்தப் பாதைக்கு நீண்ட வரலாறு உண்டு, அப்பாவுக்கு அதைப் புறப்படும் முன்பே சொல்லி வையுங்கள். இந்தக் கப்பலை இன்று ஓட்டும் கம்பெனியைத் தொடங்கிய சாமுவேல் குனார்ட் 1840 ஜூலை 4-ம் தேதி லிவர்பூலிலிருந்து பிரிட்டானியா என்ற நீராவிக் கப்பலை அனுப்பினார், தபாலும் பயணிகளும் குறித்த நாளில் போய்ச் சேர வேண்டும் என்று. பாஸ்டன் சேர இரண்டு வாரம். பாலுக்காக ஒரு பசு மாட்டையும் ஏற்றிக் கொண்டு போனார்கள். வேகப் போட்டி ஏறி ஏறி 1952-ல் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற கப்பல் 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கடந்தது. ஆறு வருடம் கழித்து, 1958 அக்டோபரில், ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்குக்கு மேல் பறக்க ஆரம்பித்தன. கப்பல் கம்பெனிகள் ஒவ்வொன்றாக இந்தப் பாதையைக் கைவிட்டன. இன்று ஆண்டில் பல மாதம் அட்டவணை போட்டு இங்கே ஓடும் பயணிகள் கப்பல் இது ஒன்றுதான். இது நின்றுவிட்டால் அந்தத் தொடர்ச்சி அறுந்து போகும். அதனாலேயே போய்வரத் தகுந்தது என்று நினைக்கிறேன்.

வேம்படி

படிக்கப் படிக்க எனக்கே ஆசை வந்துவிட்டது. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், '40 சதவீதம் கூடுதல் எஃகு' என்பதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பசு மாட்டுக்குக் கட்டணம் போட்டார்களா என்று கேட்கிறார்.

சரி, இப்போது நடைமுறை. விசா எப்படி? அப்பாவிடம் இந்தியப் பாஸ்போர்ட். கேபின் உள் அறையா, பால்கனியா?

பொருநைக்கரை

தம்பி, விசாவை முதலில் முடியுங்கள், டிக்கெட் பிறகு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா கட்டாயம், கப்பல் ஏறும்போதே பார்ப்பார்கள். கப்பலில்தானே வருகிறோம் என்று சலுகை ஒன்றும் கிடையாது. அமெரிக்காவிலிருந்து திரும்ப இங்கிலாந்து வழியாக வருவதாக இருந்தால் பிரிட்டன் விசா அதுவரை செல்லுமா என்றும் பாருங்கள்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது கடல் பயணத்துக்குப் பொருந்துமா, நடுக்கடலிலிருந்து ஆளைத் தூக்கிப் போக வேண்டி வந்தால் செலவு ஏற்பார்களா என்று கேளுங்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் கட்டணம் தனியார் மருத்துவமனைக் கணக்குதான். ஹெலிகாப்டர் எட்டாத தூரத்தில் சில நாள் இருப்பீர்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மாத்திரையைப் பத்து நாளுக்குக் கூடுதலாக, கைப்பையிலேயே வைத்துக் கொள்ளுங்கள். குமட்டலுக்குச் சின்னரிசின் போன்ற மாத்திரை பலருக்கு உதவும், ஆனால் அவர் சாப்பிடும் மருந்தோடு சேருமா என்று டாக்டரிடம் கேட்டு, குமட்டல் வருவதற்கு முன்பே போட வேண்டும்.

ஒரு நல்ல செய்தி. விமானத்தில் போல மொத்த எடைக்கு இறுக்கிப் பிடிக்கும் கணக்கு இல்லை. தங்கை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டிய பாத்திரம், இட்லித் தட்டு எல்லாம் தாராளமாகக் கொண்டு போகலாம். பெட்டி ஒவ்வொன்றும் தூக்கக்கூடிய எடையில் இருந்தால் போதும்.

கப்பலுக்குள் கணக்கு டாலரில். பணியாளர் சன்மானம் தினமும் தானாக ஏறும், அதைச் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

எஞ்சின்ரூம்

சன்மானத்தைக் குறைக்கச் சொல்லிக் கவுன்டரில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். எந்தக் கப்பலிலும் ஓட்டல் பிரிவு ஆட்கள் மாதக்கணக்கில் ஞாயிறு கூட இல்லாமல் வேலை பார்ப்பவர்கள். அதைத் தயவுசெய்து தொடாதீர்கள். பெயர் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அப்பா வயதுக்காரரை அவர்கள் சொந்தம்போல் பார்த்துக் கொள்வார்கள்.

கேபின்: நடுப்பகுதியில், கப்பல் உடலுக்குள் குடைந்து வைத்த பால்கனி அறைகள் இருக்கின்றன. காற்று அவ்வளவாக அடிக்காது, அட்லாண்டிக்குக்கு ஏற்றது. குறை என்னவென்றால் முன்னால் எஃகுச் சுவர் இடுப்புயரம் இருக்கும், உட்கார்ந்தால் வானம்தான் தெரியும், கடலைப் பார்க்க எழுந்து நிற்க வேண்டும். கண்ணாடித் தடுப்பு வைத்த பால்கனிகள் மேல் தளங்களில், அங்கே ஆட்டம் கொஞ்சம் கூடும். பட்ஜெட் இடித்தால் உள் அறையே எடுங்கள், பகலில் யாரும் அறைக்குள் இருக்கப் போவதில்லை. இருட்டறையில் தூக்கமும் நன்றாக வரும், அதுவும் 25 மணி நேர நாளில்.

பால்கனி என்று முடிவு செய்தால் மேற்கே போகும்போது இடப்பக்கம். தெற்கு அந்தப் பக்கம் இருப்பதால் வெயில் விழும். வலப்பக்கம் பெரும்பாலும் நிழல்.

மலைமுகடு

வேம்படி, நான் சொன்னதை வைத்து நீங்கள் பின்வாங்க வேண்டாம். உங்கள் அப்பா கேட்கும் கேள்விகளைப் பார்த்தால் அவருக்கு இது பிடிக்கும். ஆனால் நவம்பரில் கூட்டிப் போகாதீர்கள். ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை சூறாவளிப் பருவமும் உண்டு. மே கடைசி, ஜூன் பார்த்துக் கொள்ளுங்கள். திரும்பும் வழியிலாவது கரி பற்றி யோசியுங்கள், அதற்கு மேல் வற்புறுத்த மாட்டேன்.

ஈழத்துமகள்

ஜூனுக்கு நானும் சொல்கிறேன். பொழுது நீளம், இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம்.

வேம்படி

ஜூன் என்று முடிவு செய்துவிட்டோம். அப்பாவிடம் அமெரிக்க விசா ஏற்கெனவே இருக்கிறது, பத்து வருடத்துக்கானது. நோட்டும் வாங்கியாயிற்று, அவரே கோடு போட்டுத் தலைப்பு எழுதிவிட்டார்: தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, ஓடிய மைல், ஆழம், குறிப்பு. கடைசிக் கேள்வி: நியூயார்க் நுழையும்போது எங்கே நிற்பது? அதை அவர் தவற விடக் கூடாது.

நீலக்கடல்

அது விடியுமுன் நடக்கும், கப்பல் பொதுவாக ஐந்து மணிக்கு முன்பே, நியூயார்க் துறைமுக வாயிலில் இருக்கும் வெரசானோ பாலத்தை நெருங்கிவிடும். முதல் நாள் இரவே நேரம் விசாரித்து அலாரம் வையுங்கள். மேல் தளத்துக்குப் போய் புகைபோக்கியைப் பார்த்தபடி நில்லுங்கள். பாலத்துக்கும் அதற்கும் நடுவே சில மீட்டர்தான் இடைவெளி. இந்தப் பாலத்தைக் கணக்கில் வைத்தே புகைபோக்கி உயரத்தைக் குறைத்துக் கட்டினார்கள். கீழே வாகனம் நிறுத்துவதுபோல் கப்பல் நிதானமாக நுழையும்போது மேலே நிற்கிறவர்கள் எல்லோரும் தானாகவே குனிவார்கள்.

பாலம் தாண்டியதும் இடப்பக்கம் வந்துவிடுங்கள். சுதந்திர தேவி சிலை அந்தப் பக்கம்தான். மன்ஹாட்டன் கட்டடங்கள் நேர் முன்னால். அதன்பின் கப்பல் வலப்பக்கமாக ஒதுங்கி புரூக்ளினின் ரெட் ஹூக் பகுதியில் கட்டும்.

எஞ்சின்ரூம்

கம்பளிக் குல்லாய் மறக்காதீர்கள். ஜூனிலும் அந்த நேரத்தில் மேல் தளத்தில் காற்று குளிரும். கயிறு கட்டுவதையும் அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள், ஏழாம் தளத்திலிருந்து நன்றாகத் தெரியும். தூத்துக்குடிக்காரருக்கு அதில் குறை சொல்ல ஏதாவது இருக்கும்.

வேம்படி

சொல்கிறேன் சார். அவரே பதில் எழுதச் சொல்கிறார்: 'முன்கயிறு முதலில் போடுகிறார்களா, பின்கயிறா என்று பார்த்து எழுதுகிறேன்.'